சபாக்கிலிருந்து ஊட்டி உயரத்துக்கு அரை மணி நேரம்

சபாக் பெர்ணம் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டமும் தென்னந்தோப்பும் நெல்வயலும் கடல் மட்டத்தை ஒட்டியே கிடக்கின்றன. இங்கே மூச்சு விடுகிறவருக்குக் காற்றழுத்தம் முழு அளவில் கிடைக்கிறது, 760 மில்லிமீட்டர் பாதரசம். அதே மனிதர் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் திருச்சி விமானம் ஏறினால், அரை மணி நேரத்துக்குள் அந்த அளவில் கால் பங்கை இழக்கக்கூடும். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், காற்றை உள்ளே அழுத்தி அடைத்து, பயணிகள் பகுதியின் காற்றை 8,000 அடி உயரத்துக் காற்றைவிட மெலியாமல் வைத்திருக்க வேண்டும் என்பது விமானக் கட்டுமான விதி. 8,000 அடி என்பது 2,438 மீட்டர். ஊட்டி நகரம் சுமார் 2,240 மீட்டர், அதற்கு மேலுள்ள தொட்டபெட்டா சிகரம் 2,637. அந்த வரம்பைத் தொட்டால், இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில்தான் பயணி உட்கார்ந்திருக்கிறார், வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை இல்லாமலே.

8,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் 565 மில்லிமீட்டர். ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, 21 விழுக்காடுதான். அதைத் தள்ளும் விசைதான் குறைகிறது. மூச்சுக்குழாயில் சேரும் ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், உள்ளே இழுக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் 150இலிருந்து 109க்கு இறங்குகிறது. தரையில் இருந்துகொண்டு 15 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்கு இது சமம். அழுத்தம் இவ்வளவு சரிந்தும், நல்ல நுரையீரல் உள்ளவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு 97 விழுக்காட்டிலிருந்து 90ஐ ஒட்டித்தான் இறங்குகிறது. அவர் சாப்பாட்டுத் தட்டை முடித்துவிட்டுத் தூங்கிப் போகிறார். இந்த ஏமாற்று வேலை முழுவதும், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினுடையது.

ஒவ்வொரு ஹீமோகுளோபினும் நான்கு பேர் ஏறக்கூடிய தோட்டத்து லோரி. பெரட்டு என்னும் காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும் ஆள் ஏற்ற வருகிறது. பின்பலகை உயரம், முதல் ஆள் ஏறுவதற்குள் படாதபாடு. ஏறியவர் கை கொடுக்க இரண்டாமவர் எளிதாக ஏறுகிறார், மூன்றாமவர் அதைவிட எளிதாக. உண்மையிலேயே முதல் ஆக்சிஜன் ஒட்டியதும் புரதத்தின் வடிவம் நெகிழ்ந்து மற்ற இடங்கள் திறந்துகொள்கின்றன. இறங்கும்போதும் இதே கதைதான்: ஒருவர் குதித்தால் மற்றவர்களும் அடுத்தடுத்துக் குதிப்பார்கள். இதனால் நிறைவைப் படமாக வரைந்தால் நேர்கோடு வருவதில்லை. மேலே தட்டையான மேடும், அதன் விளிம்பில் செங்குத்துச் சரிவுமாக ஒரு வளைவு வருகிறது. பெரட்டுக்களத்தில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கைதான் ஆக்சிஜன் அழுத்தம்: 100 பேர் நின்றாலும் 60 பேர் நின்றாலும் லோரிகள் ஏறக்குறைய நிறைந்தே கிளம்பும். 60க்குக் கீழே போனால்தான் காலி இடங்கள் மளமளவென்று தெரியும்.

நீண்டநாள் நுரையீரல் அடைப்பு நோயாளி தரையிலேயே மேட்டின் விளிம்பருகே நிற்கிறார். அவருடைய தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 70 என்று வைத்துக்கொண்டால், நிறைவு 94 விழுக்காடு, பார்வைக்கு நல்ல எண். விமானத்தில் அழுத்தம் 50க்கு இறங்கினால் நிறைவு 85க்கும் கீழே போய்விடும். ஆரோக்கியமானவர் வேகமாக மூச்செடுத்து ஓரளவு ஈடு செய்வார். மூச்சுக்குழல் அடைத்துக்கிடப்பவருக்கு அந்த வசதியும் குறைவு.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த, ஆக்சிஜன் நிறைவைக் காட்டும் விரல் மாட்டிக் கருவியின் மீது கொஞ்சம் சந்தேகம் தேவைப்படுவது இதனால்தான். அதன் அளவு இரண்டு விழுக்காடு முன்னே பின்னே இருக்கும். 95 என்று காட்டினால் உண்மை 93ஆகவும் இருக்கலாம், 97ஆகவும் இருக்கலாம். முதலாவதில் அழுத்தம் 70க்குக் கீழே, இரண்டாவதில் 90ஐ ஒட்டி. ஒருவர் விளிம்பில் நிற்கிறார், மற்றவர் மேட்டின் நடுவில், கருவிக்கோ இருவரும் ஒன்று. புகைபிடிப்பவரிடம் அது இன்னும் மோசமாக ஏமாறுகிறது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஹீமோகுளோபினை இறுகப் பற்றும். லோரியில் ஏறி இறங்க மறுப்பதோடு, கூட வந்தவர்களையும் இறங்கவிடாமல் பிடித்துவைக்கும் ஆள் அது. விரல் கருவி பெரட்டில் தலை எண்ணும் கிராணியைப் போல அதையும் வேலையாளாகவே கணக்கெழுதும்.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1875இல் ஜெனித் என்ற பலூனில் ஏறிய மூன்று பிரெஞ்சுக்காரர்களில் இருவர் உயரத்திலேயே இறந்தார்கள். ஆளைக் கொல்வது ஆக்சிஜன் அழுத்தக் குறைவே என்பதை பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர் 1878இல் தன் பெரிய நூலில் நிறுவினார். மேலே சொன்ன வளைவை 1904இல் கோபன்ஹேகனில் உடலியலாளர் கிறிஸ்டியன் போர் குழுவினர் துல்லியமாக வரைந்தார்கள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ராஜூலா கப்பலில் போய்வந்த தலைமுறைக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. கடலில் எத்தனை நாள் வாந்தி எடுத்தாலும் காற்றழுத்தம் ஊரில் இருந்ததுதான்.

மருத்துவர்கள் முன்பு வைத்திருந்த அளவுகோல்கள் எளியவை: மூச்சு வாங்காமல் 50 மீட்டர் நடக்க முடிகிறதா, விரல் கருவி 95க்கு மேல் காட்டுகிறதா. தரையில் எடுக்கும் நிறைவு அளவோ ஊதிப் பார்க்கும் பரிசோதனையோ, வானில் நடக்கப்போவதைச் சரியாக முன்னறிவிப்பதில்லை என்று பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கம் 2011இல் ஒப்புக்கொண்டது. ஐயமுள்ளவருக்கு 15 விழுக்காடு ஆக்சிஜன் கலந்த காற்றை இருபது நிமிடம் கொடுத்துப் பார்ப்பதே பொருத்தமான சோதனை. விமானத்தைத் தரைக்கு இறக்கி நோயாளியை அதில் உட்கார வைப்பது போலத்தான் இதுவும்.

இருதய நோயாளியின் கணக்கு வேறு. ஆக்சிஜன் குறைந்தால் நாடித்துடிப்பு சற்றே கூடும், நுரையீரலுக்குள் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்கும். கடைசியாகச் சொன்னது, காற்றில்லாத பகுதிக்கு இரத்தத்தை வீணாக்காத ஒரு சிக்கனம். ஆனால் நுரையீரல் முழுவதும் ஒரேயடியாகச் சிக்கனம் பிடித்தால் இருதயத்தின் வலப்பக்கத்துக்குச் சுமை ஏறும். நுரையீரல் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத்தான் இது பெரிய அபாயம். நோய் கட்டுக்குள் இருக்கும் இருதயப் பலவீனக்காரர்கள் பலர் குறுகிய பயணத்தை நன்றாகவே தாங்குகிறார்கள். பேஸ்மேக்கர் ஒரு தடையே இல்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு வலிப்பவர்களும் மருத்துவர் சம்மதிக்கும்வரை பறக்கக் கூடாது. இரத்தசோகை சேர்ந்திருந்தால், லோரிகளே குறைவு என்று பொருள்.

முழுத் தடை ஒன்றும் உண்டு. நுரையீரலில் ஓட்டை விழுந்து நெஞ்சறையில் காற்று தேங்கியிருந்தால், அந்தக் காற்று 8,000 அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரியும். அது முழுவதும் நீங்கி, மருத்துவர் சம்மதிக்கும்வரை பயணம் கூடாது.

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 வகை விமானங்களின் உள்நிலை 6,000 அடியைத் தாண்டுவதில்லை என்று பெருமையாக விளம்பரம் வருகிறது. உண்மைதான், ஏறக்குறைய கெந்திங் மலையின் உயரம். ஆனால் திருச்சிக்குப் பறப்பவை பெரும்பாலும் ஒற்றை நடைபாதை கொண்ட சிறிய விமானங்கள். கடைகளில் விற்கும் ஆக்சிஜன் டப்பாக்கள் இன்னும் வேடிக்கை. பத்து லிட்டர் டப்பாவை நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் இழுத்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும். தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியும் நோயாளிக்காக வைத்ததல்ல. விமானி கீழிறங்க எடுக்கும் கால் மணி நேரத்துக்கு உரியது அது.

ஆக்சிஜன் தேவை என்று முடிவானால், சொந்த சிலிண்டரைப் பொதுவாக ஏற்றவிடமாட்டார்கள். மின்கலத்தில் ஓடும் ஆக்சிஜன் பிரிப்பான்தான் வழக்கமான வழி. அதிலுள்ள சியோலைட் மணிகள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, 90 விழுக்காட்டை ஒட்டிய ஆக்சிஜனை வெளியே விடுகின்றன. மருத்துவர் நிரப்பிய படிவத்தை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெற வேண்டும். பறக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு மின்கலம் கையில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. திருச்சிக்கு நான்கு மணி நேரம் என்றால் ஆறு மணி நேரத்துக்கு உண்டான மின்கலம். சபாக்கிலிருந்து விமான நிலையம்வரை காரில் செல்லும் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு காரிலேயே மின்னேற்றிக்கொள்ள ஏற்பாடு வேண்டும்.