மாயா மக்கள் மறைந்துவிடவில்லை

மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவுக்குச் செல்லும் பிரயாணிகள் பலர் முதலில் நாடுவது திக்கால் நகரின் இடிபாடுகளையே. வடக்கே பெத்தேன் காட்டினுள் மாயா மக்கள் கட்டிய கோயில்களுள் ஒன்று 200 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. இந்நகரம் ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டிற் கைவிடப்பட்டது. அத்துடன் மாயா இனமும் அழிந்துவிட்டதெனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 2018ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, அந்நாட்டவரில் 100க்கு ஏறத்தாழ 42 பேர் மாயா இனத்தவர். 22 மாயா மொழிகள் இன்றும் வழங்குகின்றன.

அவர்களைக் காண மேற்கு மலைநாட்டுக்குச் செல்லவேண்டும். அமெரிக்கப் பாடசாலைகளிற் பாவித்துக் கழித்த பஸ் வண்டிகள், பல வர்ணம் பூசப்பட்டு, அங்கே மக்களையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்கின்றன. மலைச்சரிவுகளில் சோளமும் அவரையும் பூசணியும் ஒரே தோட்டத்தில் வளர்கின்றன. அவரை சோளத்தண்டிற் படர்ந்து மண்ணுக்கு நைதரசன் சேர்க்கிறது. பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கிறது.

சிச்சிக்காஸ்தெனாங்கோ என்னும் ஊரில் வியாழனும் ஞாயிறும் சந்தை கூடும். பெண்கள் தாம் நெய்த துணிகளைக் கொண்டுவருவர். அவர்களது தறியின் ஒரு முனை மரத்திலோ தூணிலோ கட்டப்படும். மறுமுனை நெய்பவரின் இடுப்பைச் சுற்றியிருக்கும். வேலைப்பாடு மிகுந்த ஒரு மேற்சட்டையை நெய்து முடிக்க மாதக்கணக்காகும். அதன் கோலத்தைக் கொண்டே அணிந்திருப்பவரின் ஊரைச் சொல்லிவிடலாம்.

ஒரு காலத்தில் அதுவே ஆபத்தாகவும் முடிந்தது. 1960 முதல் 1996 வரை அங்கு உள்நாட்டுப் போர் நடந்தது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டோ காணாமற் போயோ இருக்கலாமென, ஐ.நா. ஆதரவுடன் அமைந்த உண்மை ஆணைக்குழு 1999இல் மதிப்பிட்டது. அடையாளங் காணப்பட்டோரில் 100க்கு 83 பேர் மாயா மக்கள். உயிர்தப்பி ஓடியோர் பலர் தம் ஊரின் உடையைக் களைந்தனர்; தாய்மொழியையும் மறைத்தனர்.

அந்த உடையே இன்று சந்தையில் தொங்குகிறது. பேரம் பேசுவது அங்கும் வழமைதான். ஆனால் மாதக்கணக்கான உழைப்பை அற்ப விலைக்குக் கேட்பது நியாயமன்று. இயன்றவரை நெய்தவரிடமோ, நெசவுப் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குவது நல்லது; பணம் உழைத்தவரின் கைக்கே போய்ச்சேரும். படம் பிடிக்குமுன் அனுமதி கேட்கவேண்டும். கோயில்களைக் கட்டியவர்களின் பிள்ளைகளே அவர்கள். காட்சிப் பொருட்கள் அல்லர்.