பின் அச்சு எது?

நண்பர் மூவர் பழைய ஜீப் ஒன்றை மலைப்பாதைக்கென்று புதுக்குகிறார்கள். “பௌதிகம் படிக்கிறாயே, பின் அச்சு எதை வாங்கலாம்?” என்று கேட்டார்கள்.

நம் ஊர்க் கட்டை வண்டியை எண்ணிப் பாருங்கள். அதன் இருசு பாரத்தைத் தாங்கும், சுழலாது. ஜீப்பின் பின்புறத்திலோ பாரத்தையும் தாங்கவேண்டும், சக்கரத்தையும் சுழற்றவேண்டும். ‘செமி-ஃப்ளோட்டிங்’ அச்சில் இரண்டையும் ஒரே தண்டு செய்கிறது. பாறையில் மோதி அது முறிந்தால் சக்கரமே கழன்றுவிடக்கூடும். ‘ஃபுல்-ஃப்ளோட்டிங்’ அச்சிலோ, பாரத்தை வெளிக்குழாய் இருசுபோல் தாங்குகிறது. உள்ளிருக்கும் தண்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே. தண்டு முறிந்தாலும் சக்கரம் நிற்கும். 1941 முதல் 1945 வரை போருக்கென்று செய்த வில்லிஸ் ஜீப்பின் பின் அச்சு இவ்வகையே.

எடை கூடும், விலையும் கூடும். ஆயினும், இதையே வாங்கச் சொன்னேன். மலைச்சரிவில் அதில் அமரப்போகிறவர்கள் என் நண்பர்கள் அல்லவா?