சிறு இன நாய்க்குட்டிக்குக் கழிப்பிடப் பழக்கம்

வீட்டில் வளரும் நாய்க்குட்டியைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் சிறுநீரும் மலமும் கழிக்கப் பழக்குவதே கழிப்பிடப் பழக்கம் ஆகும். இது எல்லா நாய்களுக்கும் பொதுவானது என்றாலும், சிறு இனக் குட்டிகளுக்குக் கூடுதல் நாட்களும் பொறுமையும் தேவைப்படும். தமிழ்நாட்டு வீடுகளில் பொமரேனியன் என அழைக்கப்படும் நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் போன்ற சாரல் ஊர்களில் இத்தகைய குட்டியை வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை இங்கே விளக்கப்படுகின்றன.

குட்டியின் இயல்பு

பிறந்து ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரை, தாய்நாய் நக்கித் தூண்டினால்தான் குட்டி கழிக்கும். அதன்பின் படுக்கும் இடத்தை விட்டு விலகிச் சென்று கழிக்கத் தொடங்கும். இந்த இயல்பே பழக்கத்துக்கு அடிப்படை. எனவே தாயிடமிருந்து மிக விரைவில் குட்டியைப் பிரிக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதைத் தடை செய்கின்றன.

இரண்டு மாதக் குட்டியால் பகலில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. சிறு இனங்களுக்குச் சிறுநீர்ப்பையும் சிறியது. வீட்டுக்குள் கழிப்பது பிடிவாதம் அன்று. நேரம் தவறியதன் விளைவு.

நேர அட்டவணை

பின்வரும் வேளைகளில் குட்டியைத் தவறாமல் கழிப்பிடத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்:

- தூங்கி எழுந்தவுடன்
- உணவு உண்ட 5 முதல் 30 நிமிடங்களுக்குள்
- விளையாடி முடித்தவுடன்
- இரவு உறங்கும் முன், நள்ளிரவில் ஒரு முறை
- விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை

உணவை நாள்தோறும் ஒரே நேரத்தில் கொடுத்தால் மலம் கழிக்கும் நேரமும் ஒழுங்குபடும். தண்ணீரை மட்டும் குறைக்கக் கூடாது. தரையை முகர்ந்துகொண்டு வட்டமிடுவது குட்டி தரும் அடையாளம். உரிய இடத்தில் கழித்தவுடன், அங்கேயே, சில விநாடிகளுக்குள் பாராட்டிச் சிறு தின்பண்டம் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்பது குட்டிக்குப் புரியாது.

சாரல் காலம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே குளிர்காற்றும் சாரலும் வீசும். கால் குட்டையான குட்டிக்கு ஈரத்தரையில் வயிறு நனைந்துவிடும். வெளியே செல்ல மறுக்கும். மேலும், பார்வோ வைரஸுக்கான தடுப்பூசிகள் 6 முதல் 8 வார வயதில் தொடங்கிச் சுமார் 16 வாரம் வரை தொடர்கின்றன. அவை முடியுமுன் பிற நாய்கள் கழிக்கும் தெருவில் இறக்கினால் உயிருக்கே ஆபத்து. எலியின் சிறுநீர் கலந்த மழைத்தேக்கத்தால் எலிக்காய்ச்சலும் தொற்றலாம்.

ஆகவே, புறவாசலில் கூரையுள்ள ஒரு மூலையையோ, மொட்டை மாடியில் மறைப்புள்ள இடத்தையோ கழிப்பிடமாக வைப்பது நல்லது. அங்கே மணல் நிரப்பிய தட்டோ பழைய சாக்கோ போதும். எந்தத் தரையில் கழித்துப் பழகுகிறதோ, அதையே குட்டி பிறகும் தேடும். பின்னாளில் வெளியிடத்துக்கு மாற்றும்போது அதே சாக்கைச் சில நாட்கள் அங்கே விரித்து வைக்கலாம்.

தண்டனையும் சுத்தமும்

மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பதும் அடிப்பதும் பயனற்றவை. 'ஆள் பார்க்கும்போது கழிக்கக் கூடாது' என்று மட்டுமே குட்டி கற்கும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கும். கழித்துக்கொண்டிருக்கும்போதே கண்டால், அமைதியாகத் தூக்கிக் கழிப்பிடத்தில் விட வேண்டும்.

வாடை இருக்கும் இடத்துக்கே குட்டி திரும்ப வரும். நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைப்பது சிறந்தது. அமோனியா கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும். அவற்றின் வாடை சிறுநீரை ஒத்தது. மலத்திலுள்ள உருண்டைப்புழு முட்டைகள் குழந்தைகளைப் பாதிக்கக்கூடும். அதனால் மலத்தை உடனே அகற்றுவதும், கால்நடை மருத்துவர் சொல்லும் முறைப்படி குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதும் அவசியம்.

கால அளவு

பல குட்டிகள் ஆறு மாத வயதுக்குள் ஓரளவு பழகிவிடும். சில சிறு இனங்களுக்கு ஓராண்டும் ஆகலாம். நன்கு பழகிய நாய் திடீரென வீட்டுக்குள் கழித்தால், அது சிறுநீர்த் தொற்று போன்ற நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டை அசுத்தம் செய்கிறது என்று குட்டியைத் தெருவில் விடுவோரும் உண்டு. தகுந்த காரணமின்றி வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் வளர்ந்த சிறு நாயால் தெருநாய்களுக்கிடையே பிழைப்பதும் அரிது. குட்டியை வாங்குமுன், சில மாதங்கள் மணிக்கொரு முறை அதைக் கவனிக்க வீட்டில் ஆள் உண்டா என்று முடிவு செய்துகொள்வதே முறை.