உஷார்! முன்னால 10,000 வாட்ஸ்... பின்னால 60 வாட்ஸ்!

ஆடிப் பண்டிகை, தீபாவளி போனஸ் என்று கையில் காசு புழங்கும் நாளில் ஓமலூர்க்காரர்களுக்கு ஹோம் தியேட்டர் ஆசை வந்துவிடும். "10,000 வாட்ஸுங்க அண்ணா, வீடே அதிரும்!" என்று கடைக்காரர் பெட்டியைக் கையில் திணித்தால், பணத்தை எடுக்காதீர்கள். செட்டைத் திருப்பிப் பின்புற ஸ்டிக்கரைப் படியுங்கள். 230 வோல்ட், 60 வாட்ஸ் என்கிற மாதிரி ஏதாவது அச்சாகியிருக்கும். சுவரிலிருந்து இழுப்பதே 60 வாட்ஸ் என்றால் ஸ்பீக்கருக்கு 10,000 எங்கிருந்து போகும்? வீட்டு 5 ஆம்பியர் பிளக்கில் எடுக்கக்கூடியதே 1,150 வாட்ஸ்தான்! அட்டையில் இருப்பது பி.எம்.பி.ஓ. கணக்கு, அதாவது கண நேர உச்சத்தைச் சொல்லும் எண். அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொது விதியே கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

அதோடு நின்றுவிடாதீர்கள். சத்தத்தைத் தீர்மானிப்பதில் வாட்ஸ் பாதிதான். மீதி, ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அந்த எண். 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்ஸில் கொடுக்கும் சத்தத்துக்கு 84 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்ஸ் கேட்கும். 'சத்தம் பத்தல' என்று 100 வாட்ஸ் ஆம்ப்பை விற்று 200 வாட்ஸ் வாங்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு லேசாகத்தான் தெரியும். இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ்!

இந்த சென்சிடிவிட்டி எண்ணிலும் ஒரு விளையாட்டு உண்டு. சில கம்பெனிகள் ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கும். 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட். 4 ஓமுக்கு இரண்டு வாட். ஆக, 4 ஓம்காரருக்கு 3 டெசிபல் ஓசியில் ஏறிவிடும்.

செட்டே புகையும் இடம் ஒன்று இருக்கிறது. ஹாலில் ஒரு ஜோடி போதாதென்று, மொட்டை மாடிக்கும் ஒரு ஜோடியை அதே வயரில் முறுக்கி விடுவது நம் ஊர் வழக்கம். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இப்படிப் பேரலலாக மாட்டினால் ஆம்ப்புக்குத் தெரிவது 2 ஓம். கரன்ட் இரட்டிப்பாகும், ஹீட் சிங்க் கொதிக்கும், ஐ.சி. போய்விடும். அசெம்பிள் செட் வைத்திருப்பவர்கள் இன்னும் உஷார். 4440 ஐ.சி. போர்டு ஸ்டீரியோவில் சேனலுக்குச் சுமார் 6 வாட்ஸ்தான் தரும். அதை முழு வால்யூமில் முறுக்கினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு முதலில் ட்வீட்டர் கருகும். சின்ன ஆம்ப் பெரிய ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

5.1-இல் சென்டர் ஸ்பீக்கர் மட்டும் பழைய செட்டிலிருந்து வந்ததா? அதன் சென்சிடிவிட்டி குறைவாக இருந்தால் வசனம் முணுமுணுக்கும். வால்யூமை ஏற்றுவீர்கள், அடுத்த சண்டைக் காட்சியில் தூங்கும் குழந்தை அலறும். மொத்த வால்யூமைத் தொடாமல் செட்டிங்கில் சென்டர் லெவலை மட்டும் கூட்டிப் பாருங்கள். இரவு 10 மணி தாண்டினால் பக்கத்து வீட்டையும் நினைக்க வேண்டும்: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல்.

கடைசியாக, கடை டெமோ. வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைத்து இரண்டு ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் போடுவார்கள். சென்சிடிவிட்டி அதிகமுள்ளது சத்தமாகக் கேட்கும். சத்தமானது நல்லது என்று காது ஏமாறும். மொபைலில் சவுண்ட் மீட்டர் ஆப்பைத் திறந்து, இரண்டையும் ஒரே டெசிபலுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.