கார்களில் வழிகாட்டும் செல்லிடப்பேசி: உடைந்த பாலத்தை அதற்குச் சொல்வது யார்?

புதுதில்லி: கார் வாங்குவோர் ஒரு காலத்தில் கூடுதல் விலை கொடுத்துக் கேட்டுப் பெற்ற வசதிகளுள் ஒன்று, ஓட்டுநரின் எதிரே பொருத்தப்பட்ட வழிகாட்டிக் கருவி. இன்று அந்தக் கருவி உள்ள கார்களில்கூட, அதன் பக்கத்தில் செல்லிடப்பேசியைப் பொருத்தி, அது காட்டும் வழியில் செல்வோரே அதிகம். தலைநகரின் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும், வீடு தேடிப் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் இளைஞர்களுக்கும் அதுவே பிழைப்புக் கருவி.

கட்டணமின்றிக் கிடைக்கிறது, நெரிசலை முன்கூட்டியே சொல்கிறது என்பதால் மக்கள் அதை நம்புகின்றனர். ஆனால், அது காட்டும் சாலை உண்மையிலேயே பயணத்துக்கு உகந்த நிலையில் இருக்கிறதா என்பதற்கு யார் பொறுப்பு? 2024-ம் ஆண்டு நவம்பர் 24-ம் தேதி உத்தரப் பிரதேசத்தில் மூவரைப் பலி கொண்ட விபத்து எழுப்பிய கேள்வி இது.

கருவியில் உறைந்த வரைபடம்

தில்லியில் முகவரி தேடுவது எளிதாக இருந்ததில்லை. பிளாக், பாக்கெட், செக்டர் என்று எண்களால் பிரிக்கப்பட்ட குடியிருப்புகள் ஒருபுறம். முறைப்படுத்தப்படாத 1,731 காலனிகளின் குறுகிய சந்துகள் மறுபுறம். ஐஷர் நிறுவனத்தின் வரைபட நூலைக் காரில் வைத்திருந்தவர்கள்கூட இறுதியில் பான் கடைக்காரரிடம்தான் வழி கேட்டனர்.

இந்தச் சூழலில்தான் கார்களுக்கான மின்னணு வரைபடங்கள் வந்தன. 1995-ம் ஆண்டு தில்லியில் தொடங்கப்பட்ட மேப்மைஇந்தியா நிறுவனம் நாட்டின் சாலைகளை வரைபடமாக்கிக் கார் தயாரிப்பாளர்களுக்கு அளித்தது. காரின் நினைவக அட்டையிலோ வன்தட்டிலோ வரைபடம் பதிந்திருக்கும். செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு கார் இருக்கும் இடத்தைக் கருவி கணித்துக்கொள்ளும்.

இத்தகைய கருவிகளின் குறை, வரைபடம் பதிவான நாளிலேயே உறைந்துவிடுவது. புதுப்பிக்க வேண்டுமெனில் பணிமனைக்குச் செல்ல வேண்டும். பெரும்பாலும் கட்டணமும் உண்டு. தில்லி-மும்பை விரைவுச் சாலையின் தில்லி-தௌசா-லால்சோட் பகுதி, 246 கி.மீ. நீளத்துக்கு, 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அதில் செல்லும் காரை, வயல்வெளியில் ஓடுவதாகவே கருவி காட்டும்.

செல்லிடப்பேசி வென்றது எப்படி?

செல்லிடப்பேசியின் வரைபடமோ இணையத்திலிருந்து அவ்வப்போது வந்து சேர்கிறது. மேலும், ஒரு சாலையில் செல்லும் நூற்றுக்கணக்கான பேசிகள் தத்தம் இடத்தையும் வேகத்தையும் ஓயாமல் தெரிவிக்கின்றன. அவை ஒரே இடத்தில் ஊர்ந்தால் அங்கு நெரிசல் என்று செயலி கணிக்கிறது. ஆசிரமம் சந்திப்பில் வாகனங்கள் தேங்கினால், ஓக்லாவில் இருப்பவருக்கு மாற்று வழி சொல்ல முடிவது இதனால்தான். தனித்து இயங்கும் காரின் கருவிக்கு இது இயலாது.

இந்தியச் சாலைகளுக்கென வசதிகளும் சேர்க்கப்பட்டன. இரு சக்கர வாகனங்களுக்கான தனி வழிகாட்டுதலை 2017-ம் ஆண்டு டிசம்பரில் கூகுள் நிறுவனம் இங்கு அறிமுகப்படுத்தியது. மேம்பாலத்தில் ஏற வேண்டுமா, கீழே செல்ல வேண்டுமா என்று முன்னறிவிக்கும் வசதியும், சென்னை, கோவை உள்ளிட்ட எட்டு நகரங்களில் கார்களைக் குறுகிய தெருக்களிலிருந்து விலக்கும் வசதியும் 2024-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டன. ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே மூலம் பேசியின் வரைபடத்தைக் காரின் திரையிலேயே காட்டவும் கார் நிறுவனங்கள் வழி செய்துவிட்டன.

காருக்கு உள்ள பலம்

எனினும், காரில் பொருத்திய கருவிக்கு உரிய பலங்கள் சில உள்ளன. அதன் ஆன்டெனா பெரும்பாலும் காரின் கூரைமீது இருப்பதால் சமிக்ஞை தெளிவாகக் கிடைக்கிறது. சுரங்கப்பாதைக்குள் சமிக்ஞை அறுந்தாலும், சக்கரம் சுழலும் வேகத்தையும் கார் திரும்பும் திசையையும் கொண்டு இருப்பிடத்தைத் தொடர்ந்து கணிக்கும் திறன் பல கருவிகளுக்கு உண்டு. 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் இது பயன்படும். தில்லியின் கோடை வெயிலில் கண்ணாடியருகே வைத்த பேசி சூடேறி அணைந்துவிடுவதுண்டு. காரின் திரைக்கு அந்தத் தொல்லை குறைவு.

பலரும் நினைப்பதுபோல, இருப்பிடத்தை அறிய இணையம் தேவையில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் போதும். இணையம் தேவைப்படுவது வரைபடத்துக்கும் நெரிசல் தகவலுக்குமே. எனவே, அலைவரிசை நீண்ட தொலைவுக்குக் கிடைக்காத மணாலி-லே நெடுஞ்சாலை போன்ற வழிகளில் செல்வோர், வரைபடத்தை முன்னதாகவே பேசியில் இறக்கிக்கொள்வது அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாகனம் ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது, 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவின்படி ஆபத்தான முறையில் ஓட்டுவதாகும். முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

2020-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், வழி காண்பதற்கு மட்டும் இதில் இடமளித்தது. ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த வேண்டும் என்பதே நிபந்தனை. ஆக, செல்லிடப்பேசியைப் பார்த்து வழி அறிவதை அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால், அது காட்டும் தகவல் சரியாக இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பு யாருடையது என்பதை அந்த விதி சொல்லவில்லை.

ராம்கங்கையில் நடந்தது

பரேலி, பதாயூன் மாவட்டங்களுக்கு இடையே ராம்கங்கை ஆற்றின் குறுக்கே உள்ள பாலத்தின் ஒரு பகுதி வெள்ளத்தில் முன்பே அடித்துச் செல்லப்பட்டிருந்தது. செயலியின் வழிகாட்டுதலை நம்பி வந்ததாகச் சொல்லப்பட்ட கார், பாலத்தின் அறுந்த முனையிலிருந்து ஆற்றில் விழுந்தது. அதில் இருந்த மூவரும் உயிரிழந்தனர். சாலையில் போதிய தடுப்பு இல்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீது போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர். கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவரும் வழக்கில் சேர்க்கப்பட்டார். விசாரணைக்கு ஒத்துழைப்பதாக அந்நிறுவனம் தெரிவித்தது.

இதற்கு முன்பு, 2023-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி நள்ளிரவு கடந்த நேரத்தில், கொச்சி அருகே கொட்டும் மழையில் கார் ஆற்றில் பாய்ந்து இளம் மருத்துவர்கள் இருவர் உயிரிழந்தனர். அப்போதும் செயலியின் வழிகாட்டுதலே பேசப்பட்டது.

பேசிகள் அனுப்பும் தகவலால் கற்றுக்கொள்ளும் செயலி, வாகனங்கள் நிறைந்த நகரச் சாலையில் சிறப்பாக இயங்குகிறது. ஆள் நடமாட்டமற்ற ஊரகச் சாலையில் அது கற்பதற்கு எதுவுமில்லை. அங்கே வாகனம் ஏதும் செல்லவில்லை என்றால், சாலை துண்டிக்கப்பட்டுவிட்டதா அல்லது நெரிசலின்றி இருக்கிறதா என்று யாரேனும் தெரிவித்தால் ஒழிய அதனால் பிரித்தறிய இயலாது.

வரைபடம் யார் கையில்?

நாட்டின் வரைபடப் பணி நெடுங்காலம் அரசின் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. 1767-ல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறையே அதன் காவலன். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 15-ம் தேதி மத்திய அரசு இக்கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி வரைபடத் தரவுகளைத் திரட்டலாம். வெளிநாட்டு நிறுவனங்கள் மிக நுட்பமான தரவுகளை அவற்றிடமிருந்து உரிமம் பெற்றே பயன்படுத்தலாம்.

அதே ஆண்டு டிசம்பரில், சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் சென்னை ஐ.ஐ.டி.யும் மேப்மைஇந்தியாவும் இணைந்து, விபத்து அதிகம் நிகழும் இடங்களை ஓட்டுநருக்கு எச்சரிக்கும் செயலியை வெளியிட்டன. இருப்பிடம் அறிய இஸ்ரோவின் நாவிக் அமைப்பும் உள்ளது. ஆனால் அதன் செயற்கைக்கோள்கள் பலவற்றில் அணுக்கடிகாரங்கள் பழுதாயின. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-02 திட்டமிட்ட சுற்றுப்பாதையை எட்டவில்லை.

செயற்கைக்கோள் எந்த நாட்டுடையதாயினும், கார் நிற்கும் இடத்தை மட்டுமே அது சொல்லும். எதிரே பாலம் இருக்கிறதா என்பது, அந்தப் பாலத்தைப் பராமரிக்கும் துறைக்கே முதலில் தெரியும். சாலை மூடப்பட்டதைத் தெரிவிக்கும் வசதி செயலிகளிலேயே உள்ளது.

நாட்டில் 2022-ம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்ததாக அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. சாலையை மூடும் பொறியாளர், தடுப்பு வைப்பதோடு நில்லாமல் அன்றே வரைபட நிறுவனங்களுக்கும் அறிவிக்க வேண்டும்; அந்நிறுவனங்கள் குறித்த காலத்துக்குள் அதைப் பதிவேற்ற வேண்டும். இதை இரு தரப்புக்கும் கடமையாக்குவது அரசால் இயலாத காரியமன்று. அதுவரை, இரவிலும் மழையிலும் அறிமுகமற்ற கிளைச் சாலைக்குள் திரும்பச் செயலி சொன்னால், நெடுஞ்சாலையிலேயே தொடர்வதும், உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வதும் பயணிகளுக்கு நல்லது.