ஊர் சுற்றியின் ரெக்கார்டு நோட்டு



லேப் முடிந்ததும் ரெக்கார்டு எழுதுகிறோம். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, அளவீடுகள், முடிவு. செய்த வேலை என்னவோ சின்னதுதான். ஒரு இரும்புக் கம்பியை இழுத்துப் பார்த்திருப்போம், இல்லை ஒரு மோட்டாரை ஓடவிட்டு மீட்டர் பார்த்திருப்போம். ஆனாலும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கினால்தான் அது செய்ததாகக் கணக்கு. எழுதாத பரிசோதனைக்கு மார்க் கிடையாது.

ஒரு ஊரின் அன்றாட வாழ்க்கைக்கும் இதே கதிதான். ராஜாக்களையும் யுத்தங்களையும் எழுத ஆள் உண்டு. நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என்ன நடந்தது, டீ என்ன விலை, எந்தப் படத்துக்குக் கூட்டம் என்பதை எழுத யார் இருக்கிறார்கள்? கொஞ்ச காலத்துக்கு முன்பு தமிழில் அப்படி ஒரு கூட்டம் கிளம்பியது. அவர்களுக்கு வலைப்பதிவர் என்று பெயர். அவர்கள் செய்தது என்ன, அதில் நமக்கு என்ன வேலை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வலைப்பதிவு என்பது என்ன?

சுருக்கமாகச் சொன்னால், இன்டர்நெட்டில் எழுதப்படும் தேதி போட்ட டைரி. புதிய பக்கம் மேலே, பழையது கீழே. ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி உண்டு. பத்து வருஷம் கழித்து அந்த முகவரியைத் தட்டினாலும் அதே பக்கம் வந்து நிற்க வேண்டும். படிப்பவர் கீழேயே பதில் எழுதலாம். தமிழில் இதைப் 'பின்னூட்டம்' என்றார்கள்.

'வெப்லாக்' என்ற சொல்லை 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் உண்டாக்கினார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அதை விளையாட்டாக 'ப்ளாக்' என்று வெட்டினார். அதே 1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சின்னக் கம்பெனி 'ப்ளாக்கர்' சேவையைத் தொடங்கியது. 2003இல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. அதுவரை ஒரு இணையப் பக்கம் போட வேண்டுமென்றால் கோடு எழுதத் தெரிய வேண்டும், இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். ப்ளாக்கர் வந்த பிறகு லெட்டர் எழுதத் தெரிந்தால் போதும் என்றாகிவிட்டது.

தமிழ் எப்படி ஏறியது?

இங்கிலீஷ்காரனுக்கு இது சுலபம். நமக்கு எழுத்துதான் முதல் முட்டுக்கட்டை. 1990களில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையும் இணையத்தில் தனக்கென ஒரு எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் திரையில் வெறும் பூச்சியும் கொக்கியும்தான் தெரியும். திஸ்கி, தாப், தாம் என்று பல குறியீட்டு முறைகள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்99 விசைப்பலகை வந்தது.

இதற்கு முடிவு கட்டியது யூனிகோடு. ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் என்பது அதன் கொள்கை. நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மரையாணிக்கு ஐ.எஸ். தரம் வைத்த மாதிரி. எந்தக் கம்பெனி போல்ட்டும் எந்தக் கம்பெனி நட்டிலும் ஏறும். விண்டோஸ் 2000இலும் அடுத்து வந்த எக்ஸ்பி-யிலும் யூனிகோடு தமிழ் வந்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் ஏற்கெனவே இருந்தது. இலவச மென்பொருளாக இ-கலப்பையும் வந்தது. 2003இல் தமிழ் வலைப்பதிவுகள் தலைகாட்டத் தொடங்கின.

எழுதினால் மட்டும் போதுமா? எழுதியது யாருக்குத் தெரியும்? இதற்கு வழி செய்தவர் கோயமுத்தூர்க்காரரான காசி ஆறுமுகம். 2004 ஆகஸ்டில் 'தமிழ்மணம்' என்ற திரட்டியை ஆரம்பித்தார். ஒவ்வொரு வலைப்பதிவும் தன்னுடைய புதிய பதிவுகளின் பட்டியலை ஒரு ஓடையாக வெளியே விடும். திரட்டி எல்லா ஓடைகளையும் அடிக்கடி எட்டிப் பார்த்து, புதிதாக வந்ததை ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்தும். நம்ம நோட்டீஸ் போர்டு மாதிரி. கனடாவில் எழுதியவரும் கரூரில் எழுதியவரும் ஒரே போர்டில் பக்கத்துப் பக்கத்தில் வந்தார்கள்.

சென்னை ஊர் சுற்றிகள்

இந்தப் போர்டில் எல்லாம் வந்தது. அரசியல் சண்டை, ஆன்மிகம், கவிதை, சமையல். அதிகம் பேர் விரும்பிப் படித்தது என்னவோ, ஊரைச் சுற்றிவிட்டு வந்து எழுதியவர்களைத்தான்.

சென்னையில் கேபிள் சங்கர் என்ற பதிவர். 'கொத்து பரோட்டா' என்ற தலைப்பில் அந்த வாரம் பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் கலந்து போடுவார். 'சாப்பாட்டுக்கடை' என்று தனியாக எழுதுவார். பெரிய ஹோட்டல்கள் மட்டுமல்ல, சந்துக்குள் இருக்கும் மெஸ்ஸும் கையேந்தி பவனும் அதில் வரும். சினிமா எப்படி விற்கப்படுகிறது என்று அவர் எழுதியது புத்தகமாக வந்தது. 2015இல் 'தொட்டால் தொடரும்' படத்தை அவரே இயக்கினார். 'லக்கிலுக்' என்ற பெயரில் எழுதிய யுவகிருஷ்ணா பத்திரிகையாளர் ஆனார். நியூஸிலாந்தில் இருந்து துளசி கோபால் என்ற அம்மா 2004 முதல் 'துளசிதளம்' எழுதினார். வீட்டுப் பூனை, கோயில், கடைத்தெரு, பயணம். அவ்வளவுதான் விஷயம். படித்தவர்களுக்கு அந்த ஊரே பக்கத்து வீடாகிவிட்டது.

பின்னூட்டப் பகுதி தனி உலகம். முதல் ஆளாக வந்தவர் 'மீ த பர்ஸ்ட்டு' என்று துண்டு போட்டு இடம் பிடிப்பார். பேரைச் சொல்லாமல் திட்டுகிறவர் 'அனானி'. விஷயமே இல்லாமல் எழுதினால் 'மொக்கை'. நாலு பேர் சேர்ந்து பின்னூட்டத்திலேயே அரட்டை அடித்தால் 'கும்மி'. இன்றைக்கு நாம் மீம்ஸில் பேசுகிற பாஷையின் தாத்தா பாட்டி எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள்!

எழுத்தில் பழகியவர்கள் நேரிலும் சந்தித்தார்கள். மெரீனாவில் காந்தி சிலை பக்கம், சில சமயம் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டலில். 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழக மெரீனா வளாகத்தில் ஒரு பட்டறை நடத்தி, புதியவர்களுக்குப் பதிவு எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு பெரிய கூட்டங்கள்: 2012, 2013இல் சென்னை, 2014இல் மதுரை, 2015இல் புதுக்கோட்டை. கவனியுங்கள், இது தலைநகரோடு நின்றுவிடவில்லை.

வெட்டி வேலையா?

'சாப்பிட்டதையும் படம் பார்த்ததையும் எழுதுவது ஒரு வேலையா?' என்று அப்போதே பலர் கேட்டார்கள். அதற்குக் காலம்தான் பதில் சொன்னது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. அங்கே காருக்குள் உட்கார்ந்தபடி சாப்பிட்டது எப்படி, போண்டாவோடு விவாதம் எப்படிப் போனது என்று இன்றைக்குத் தெரிய வேண்டுமானால், அப்போது யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதியவர் சரித்திரம் எழுதுவதாக நினைக்கவில்லை. சும்மா போனார், சாப்பிட்டார், எழுதினார். அது சாட்சியாக நின்றுவிட்டது.

ஆபத்து நேரத்தில் இந்தப் பழக்கம் உயிர் காக்கவும் உதவியது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, பதிவர்கள் சிலர் ஒன்றுகூடி ஒரு வலைப்பதிவைத் திறந்து, எந்தக் கரையில் என்ன உதவி வேண்டும், யாரைக் கேட்பது என்று ராப்பகலாகத் தொகுத்துப் போட்டார்கள். சும்மா எழுதிப் பழகிய கைதான் அவசரத்திலும் எழுதியது.

நம்ம ஊரை யார் எழுதினார்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்க அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பிரிவில் இருக்காங்க. பதினாலு வருஷமாச்சு. விடிகாலையில் கம்பெனி பஸ், பஸ்ஸில் பாதித் தூக்கம், மீதி நேரம் பேச்சு. எந்தத் தோலுக்கு எந்த ஊசி போடணும், டார்கெட் ஏறினால் கை எப்படி வலிக்கும், ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் தெருவில் யார் வீட்டில் முதலில் தெரியும் என்பதெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி.

இணையத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தேடினால் என்ன வருகிறது? பிரியாணி வருகிறது. பாலாற்று மாசு வருகிறது. வழக்கு வருகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. நாடு முழுக்க சட்ட மாணவர்கள் நம்ம ஊர்ப் பெயரைப் படிக்கிறார்கள். பெருமையா, வருத்தமா என்று தெரியவில்லை! ஆனால் கிணறு கெட்டுப்போன ஒரு தெருவில் ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது தீர்ப்பில் கிடையாது. அதை அந்தத் தெருக்காரர்தான் எழுத முடியும். அதுபோலத்தான் அம்மாவின் கம்பெனி பஸ்ஸும்.

பாகாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் நம்ம ஊர். நடுவில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. காந்தி ரோட்டில் லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை என்று பெங்காலி போர்டு தொங்குகிறது. கல்கத்தாவிலிருந்து அப்பாவை வைத்தியத்துக்கு அழைத்து வந்தவர் நம்ம காய்கறிக்கடை அம்மாவிடம் கை ஜாடையில் பேரம் பேசுகிறார். அந்த அம்மா பெங்காலியில் எண் சொல்கிறார். இந்தக் காட்சி வேறு எந்தத் தமிழ் ஊரில் இப்படித் தினமும் நடக்கும்? தினமும் பார்ப்பதால் நமக்கு அது காட்சியாகவே தெரியவில்லை.

ரீல்ஸ் போதாதா?

'அதான் ரீல்ஸ் போடுறோமே' என்பீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. ஊரே பாலத்தில் நின்று வீடியோ எடுத்தது. அந்த வீடியோக்களில் எத்தனை இன்றைக்கு உங்கள் கையில் இருக்கின்றன? போன் மாற்றினோம், போச்சு. மிச்சம் இருப்பதிலும் தேதி இல்லை, எந்தக் கரை என்று இல்லை. ரீல் அந்த நிமிஷத்தைக் காட்டும். ஏன், எப்படி, எவ்வளவு என்பதை எழுத்துதான் சொல்லும். தேடினால் கிடைப்பதும் அதுவே.

அதற்காக வலைப்பதிவு கல்வெட்டு என்று நான் சொல்ல வரவில்லை. இலவச இடம் நம்ம இடம் அல்ல. 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு, குறிப்பிட்ட சில பக்கங்களைத் தடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இணையக் கம்பெனிகள் பல ப்ளாக்ஸ்பாட் முழுவதையுமே மூடிவிட்டன. சில நாட்களுக்கு இந்தியாவில் பல இடங்களில் திறக்கவில்லை. 2009இல் யாஹூ தன் ஜியோசிட்டீஸை மூடியது. 2014இல் ஆர்குட் போனது. 2010க்குப் பிறகு பதிவர்களில் பெரும்பாலோர் முகநூலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே போன வாரம் எழுதியதைத் தேடி எடுப்பதே பெரும்பாடு. ஆகையால் எங்கே எழுதினாலும் ஒரு நகல் கையில் வையுங்கள். ப்ளாக்கரில் எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது.

எழுதப் போகிறவர்களுக்கு

முதலாவது, தேதியும் இடமும் விலையும் போடுங்கள். 'டீ குடித்தோம், சூப்பர்' என்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எந்தக் கடை, எத்தனை ரூபாய், என்ன பேச்சு ஓடியது என்று எழுதினால் அது அளவீடு.

இரண்டாவது, ரீடிங்கைச் சமைக்காதீர்கள். ரெக்கார்டில் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து நம்பர் போடுகிற கலை நமக்குப் புதிதல்ல. இங்கே அது வேண்டாம். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும் எழுதினால் போதும்.

மூன்றாவது, அடுத்தவர் வாழ்க்கை அவருடையது. கம்பெனியில் வேலை பார்ப்பவரின் பெயரையும் போட்டோவையும் கேட்காமல் போட்டால், நமக்கு லைக் வரும்; அவருக்கு வேலை போகலாம். அம்மாவைப் பற்றி நான் எழுதுவதும் அவங்ககிட்ட படித்துக் காட்டின பிறகுதான்.

நான்காவது, நம்ம பேச்சிலேயே எழுதுங்கள். தெருவில் தமிழும் உருதுவும் தெலுங்கும் கலந்து ஓடுகிறது. அதைச் சலவை செய்து இஸ்திரி போட்டால் ஊர் வாசனை போய்விடும். தோல் வாசனையும் ஊர் வாசனைதானே!

நண்பர்களே, டிப்ளமோ முடித்ததும் நம்மில் பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் போய்விடுவோம். விடுமுறைக்கு வரும்போது ஒரு கடை மாறியிருக்கும், ஒரு ரூட் நின்றிருக்கும், டேனரி இருந்த இடத்தில் பிளாட் போட்டிருப்பார்கள். 'இங்கே என்னடா இருந்தது?' என்று நாமே கேட்போம். இந்த மலரைப் படித்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள். இன்றைய தேதியை மேலே போட்டு, இன்றைக்கு ஹாஸ்டலிலிருந்தோ வீட்டிலிருந்தோ காலேஜுக்கு வந்த வழியை ஒரு பக்கம் எழுதுங்கள். நோட்டில் எழுதினாலும் சரி, வலையில் எழுதினாலும் சரி. பக்கத்து ரூமில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர்தான் உங்கள் முதல் பின்னூட்டம்.