மார்ஷல் பல்கலைக்கழக அமெரிக்கக் காற்பந்து அணி

மார்ஷல் தண்டரிங் ஹெர்ட் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநிலத்தில், ஹண்டிங்டன் நகரிலுள்ள மார்ஷல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணியாகும். இப்பெயர் 'இடியென முழங்கி ஓடும் மந்தை' எனப் பொருள்படும். அணியின் சின்னம் அமெரிக்கக் காட்டெருமை. நிறங்கள் பச்சை, வெள்ளை.

வானூர்தி விபத்து

1970 நவம்பர் 14 அன்று, வட கரோலினாவில் கிழக்கு கரோலினா பல்கலைக்கழக அணியிடம் 17-14 எனத் தோற்றுத் திரும்பிய அணியினரின் வானூர்தி, ஹண்டிங்டன் அருகே தரையிறங்கும் முன்னர் குன்றுப் பகுதியில் விழுந்து நொறுங்கியது. 37 ஆட்டக்காரர்கள், தலைமைப் பயிற்சியாளர் ரிக் டாலி உட்பட அதில் இருந்த 75 பேரும் உயிரிழந்தனர்.

மீள் உருவாக்கம்

அணியைக் கலைத்துவிடலாம் என்ற கருத்தும் எழுந்தது. எனினும் தொடர்வதென முடிவு செய்யப்பட்டது. அக்காலத்தில் முதலாமாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட அனுமதி இல்லை. மார்ஷலுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பெரும்பாலும் இளம் மாணவர்களைக் கொண்ட புதிய அணி, 1971 செப்டம்பர் 25 அன்று சேவியர் பல்கலைக்கழக அணியை 15-13 என ஆட்டத்தின் இறுதி நகர்வில் வென்றது. பின்னர் 1992, 1996 ஆம் ஆண்டுகளில் ஒன்று-ஏஏ பிரிவின் தேசிய வாகையர் பட்டத்தையும் பெற்றது.

மரபு

இறந்தோர் நினைவாகப் பல்கலைக்கழக வளாகத்தில் 1972 இல் நீரூற்று ஒன்று அமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று நடைபெறும் அஞ்சலியின்போது அதன் நீர் நிறுத்தப்படுகிறது. அடுத்த இளவேனிற் காலத்திலேயே மீண்டும் திறக்கப்படுகிறது.